கொழும்புத் தொகையல்

இலங்கைக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே புத்தி சொல்லக் கிளம்பிவிட்டது. போதாததற்கு, சென்னையில் இருக்கும் மச்சினன் ஒரு வழிகாட்டிப் புத்தகம் அனுப்பியிருந்தான். வெள்ளைக்காரர்களுக்காக எழுதியது. வெயில் கடுமையாக இருக்கும், பருத்தி உடுத்துங்கள். சோற்றைக் கையால் சாப்பிடுவார்கள், திகைக்க வேண்டாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். சாலையில் மாடு குறுக்கே வரலாம். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதுல எது நம்ம ஊருல இல்ல? இதுக்கு எதுக்குடே பாஸ்போர்ட்டு?" என்றாள்.

கேள்வி நியாயம்தான். மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கிய இடத்துக்குத் தம்பபண்ணி என்று பெயர். கிரேக்கர் வாயில் அது தப்ரபேன் ஆகி, தீவுக்கே பெயராகிவிட்டது. நம்ம தாமிரபரணி ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடே இருந்திருக்கிறது. மழைக்காட்டில் அட்டை கடிக்கும் என்று ஒரு பக்கம் முழுக்கப் பயமுறுத்தியிருந்தான் புத்தகக்காரன். மாஞ்சோலைக்குப் போய் உப்புப் பொட்டலத்தோடு நடந்தவனிடம் சொல்லுகிற சேதியா அது?

மாமாவுக்குக் கொழும்புப் பயணம் பழைய ஆசை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்று ஒரு கப்பல் விட்டார்கள். "புதுசுல கூட்டமா இருக்கும், கொஞ்சம் குறையட்டும்" என்று காத்திருந்தார். கூட்டம் குறைந்ததால்தான் நவம்பரில் கப்பலே நின்றது. இந்தத் தடவை மதுரையிலிருந்து விமானம். மதுரைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம், கடலைத் தாண்ட ஒரு மணி நேரம்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். 2006 முதல் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். பணத்துக்கும் ரூபாய் என்றே பெயர், அதில்தான் சிக்கல். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இதை அத்தையிடம் விமானத்திலேயே மூன்று தடவை சொன்னேன். ஆனாலும் செவ்விளநீர் நூற்றைம்பது என்றதும் வெட்டின காயைத் திருப்பி ஒட்டச் சொன்னாள். செல்போன் சார்ஜருக்குச் சதுரப் பின் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம உருண்டைப் பின் பல இடங்களில் நுழையாது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், வம்பாகிவிடும். 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் நர்ஸ் ஒருவரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அத்தை கையில் இருப்பது வெறும் கோலம்தான் என்று சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மாமாவுக்குக் கொழும்பு என்றால் தென்னஞ்சாராயம். அவருடைய அப்பா புறக்கோட்டையில் கணக்கெழுதிய காலத்திலிருந்து வீட்டில் பேசப்படுகிற பண்டம். ஆனால் நாள் பார்த்தபோது பஞ்சாங்கத்தைப் புரட்டினாரே தவிர, பௌர்ணமியைக் கவனிக்கவில்லை. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்கக்கூடாது. நாங்கள் போய் இறங்கியதோ மே மாதத்து வெசாக். ஊர் முழுக்கக் காகிதக் கூடுகள், விளக்குகள். தெருவுக்குத் தெரு தன்சல் பந்தல் போட்டு, வழியில் போகிறவர்களை மறித்து இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். மாமா கையிலும் ஒரு தம்ளரைத் திணித்தார்கள். ஆசையோடு ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏல, இது ஆவாரம்பூத் தண்ணிலா?"

எங்கள் வீட்டுப் பின்னால் தரிசில் ஆடுகூட மேயாமல் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரை.

பாஷைக்கு மட்டும் நாங்கள் தயாராகவே இல்லை. தமிழ்தானே என்ற தைரியம். வெள்ளவத்தையில் இருக்கும் என் நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் ராத்திரி அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்: "அன்ரி, காலமை எட்டு மணிக்கு வாறன். அதுக்கு முதல் வெளிக்கிட்டு நில்லுங்கோ."

அவர் போனதும் அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஏம் மருமவனே, படிச்ச பையன், நம்ம வெளிக்குப் போறதையெல்லாம் எதுக்கு விசாரிக்கான்?"

அங்கே அது 'புறப்படு' என்பதற்கான சொல் என்று சொல்லியிருக்கலாம். அசதியில் தூங்கிப்போனேன். மறுநாள் எட்டு மணிக்கு அவர் வந்து, "என்ன அன்ரி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்க, அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "அதெல்லாம் அஞ்சு மணிக்கே ஆச்சுப்பா" என்றாள்.

இதைவிடப் பெரிய கண்டம் காலைச் சாப்பாட்டில் இருந்தது. அத்தை சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டாள். இடியாப்பமும் சொதியும் என்றதும் முகம் மலர்ந்தாள். வந்தது மஞ்சளாக, தண்ணியாக ஒரு தேங்காய்ப்பால். "இதா சொதி? மறுவீட்டுக்கு வைக்கிறதுல்லா சொதி! பாசிப்பருப்பு எங்க? முருங்கைக்காய் எங்க? தொட்டுக்க இஞ்சிப் பச்சடி எங்க?" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பக்கத்தில் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல் இருந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு பேச்சில்லை. மூன்று தடவை கேட்டு வாங்கினாள்.

கை கழுவும் இடத்தில் பரிமாறிய பையனிடம் பக்குவம் கேட்டேன். தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி என்று அடுக்கிக்கொண்டே போய், "கொஞ்சம் மாசி" என்று முடித்தான். சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டை மாதிரி காயவைத்த கருவாடுதான் மாசி. சைவக்காரர்கள் சம்பலைத் தொடும் முன் "மாசி போட்டதா?" என்று கேட்டுவிடுங்கள். போடாமலும் செய்து தருவார்கள். நான் கேட்டது சாப்பிட்ட பிறகு. திரும்பிப் பார்த்தால் மாமா நிற்கிறார். அவரும் கேட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தோம்.

ஊர் திரும்பி மாதங்கள் ஆகின்றன. போன வெள்ளிக்கிழமையும் அத்தை என் மனைவியிடம் அந்தக் கொழும்புத் தொகையலை இடிக்கச் சொன்னாள். அவளும் உரலில் போட்டு இடித்து வைத்தாள். அத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்னமோ ஒண்ணு குறையுதே, மருமவனே?"

"தேங்காயா இருக்கும், அத்தை. அந்த ஊருத் தேங்கா வேற" என்றேன்.

தார்சாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறியது.