கர்னலைக் காப்பாற்றியவர்

ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க வருகிறவர்கள் உண்டு. 1977இல் இடிந்துபோன பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. அந்தப் படத்துக்காக அண்ணா நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பாலத்தையே பார்க்காமல் திரும்புகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் பூனை மீட்பர்.

கரையேற்றிய ஃபைபர் போட்டின் நிழலில், குவித்த வலைமேல் ஒரு குட்டி உட்கார்ந்திருக்கும். அது போதும். ஆபீஸில் ஆட்களை விரட்டுகிற அதே தொண்டையிலிருந்து, "அச்சச்சோ செல்லம், உங்கம்மா எங்கடா?" என்று வரும்.

அம்மா பத்தடி தள்ளி மீன் கூடைக்குக் காவல் இருக்கும். தாய்ப்பூனை இரைக்குப் போனால் குட்டியை மணிக்கணக்கில் விட்டுவிட்டுத்தான் போகும். இடம் மாற்றினாலும் ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். நடுவில் தனியாகக் கிடப்பது அநாதை இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

நான் பார்த்த மீட்பர் குட்டியின் முகத்தைத் திருப்பினார். "நீலக் கண்ணு சார்! ஃபாரின் ஜாதி. எவனோ விட்டுட்டுப் போயிருக்கான்." ஆறேழு வாரம் வரைக்கும் நம் தெருப்பூனைக் குட்டிக்கும் கண் நீலம்தான் என்றேன். டீக்கடைக்கு ஓடிப் பால் வாங்கி வந்தார். பசும்பால் குட்டியின் வயிற்றைக் கலக்கிவிடும் என்றேன். அதையும் கேட்கவில்லை, குட்டிதான் கேட்டது. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காரப்பொடி மீன் தின்னப் பழகுகிற வாய்.

மோவாயில் வெள்ளைத் தாடி இருந்ததால் 'கர்னல்' என்று பெயர் வைத்தார். 1882இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் அடையாற்றங்கரையில் தியாசபிகல் சொசைட்டிக்கு இடம் வாங்கிய கர்னல் ஒல்காட்டுக்கும் அப்படியொரு தாடிதான். குப்பத்தின் பெயரில் இருப்பவரும் அவர்தான். பொருத்தம் எனக்கே பிடித்துப்போய், குட்டி பெட்டை என்று சொல்ல மனசு வரவில்லை.

ஹெல்மெட்டுக்குள் கர்னல் இறங்கியபோது மீன் விற்கிற ஆயா நிமிர்ந்தார்.

"இன்னா சார், அத்த எங்க தூக்கினு போற?"

"அநாதையா கிடக்குதும்மா."

"அநாதையா? அதோட ஆயாவுக்கே நான்தான் மீன் தலை போட்டேன்."

மீட்பர் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்தார். அதற்காக ராஜ்ய சபாவில் பாடுபட்ட ருக்மிணி தேவி இதே அடையாறுக்காரர் என்பதையும் சொன்னார். விலங்கைக் கைவிடுவதும் அதே சட்டத்தில் குற்றம் என்ற பகுதிக்கு மட்டும் வரவில்லை. ஆயா கத்தியை மீனில் வைத்துக்கொண்டே, "சரி, இட்டுனு போ. நாளைக்கு வந்துருவ" என்றார்.

கண்ணில் பீளை கட்டி, எலும்பு தெரிய, நாள் பூராவும் கத்தியும் தாய் வராத குட்டி என்றால் தூக்கத்தான் வேண்டும். இந்தக் குட்டிக்கோ தொந்தி இருந்தது.

அன்று மாலை வாட்ஸ்அப்பில் 'அவசரம்!!!' என்று கர்னல் வந்தார். இதயங்கள் பறந்தன, கும்பிட்ட கைகள் குவிந்தன. 'நானே வளர்த்திருப்பேன், ஆனால் வாடகை வீடு' என்று சொந்த வீட்டுக்காரர்கள் எழுதினார்கள்.

மறுநாள் காலை மீன் வாங்கப் போனால் அதே ஸ்கூட்டர். மீட்பரின் முழங்கை வரை நகக்கீறல். கையில் ஹெல்மெட், ஒரு துண்டு, மூன்று கிலோ பூனைத் தீனி. "வீட்ல அவங்களுக்கு தும்மல்..." என்று என்னிடம்தான் சொன்னார். ஆயா தலையைத் தூக்கவில்லை.

"அந்த வலை மேலயே வச்சிரு சார்."

தாய்ப்பூனை வந்து மோந்தது. குளிப்பாட்டியிருப்பார் போல, ஷாம்பு வாசனைக்கு ஒரு தும்மல் போட்டுவிட்டு, காதிலிருந்து ஆரம்பித்து நக்கிக் கழுவத் தொடங்கியது. மீட்பர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேரம் பேசாமல் ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு போனார்.

ஆயா காசை இடுப்பில் செருகிக்கொண்டே என்னிடம், "போன மாசம் நாய்க்குட்டி தூக்கினு போனாரே ஒருத்தரு, அவரும் சங்கராதான் வாங்கினாரு" என்றார்.