தட்டினால் உதிரும் அரிசி

கேள்வி: ஒஜிப்வே மக்கள் படகில் ஏறி நெல் அறுக்கிறார்களாமே, மெய்யா?

பதில்: அறுப்பதில்லை, தட்டுகிறார்கள். வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் இப்பழங்குடியினர் 'மனூமின்' என்றழைக்கும் காட்டரிசி, ஆழமற்ற நீரில் தானாக வளரும் ஒருவகைப் புல்லின் மணியாகும். கோடை முடியும் தறுவாயில் ஒருவர் நீண்ட கழியால் படகை உந்த, மற்றவர் ஒரு கோலால் கதிரை வளைத்து இன்னொரு கோலால் மெல்லத் தட்ட, முற்றிய மணிகள் படகில் உதிர்கின்றன. நீரில் சிதறுபவையோ மறு ஆண்டுக்கு விதையாகின்றன என்பதால், சிந்தியதற்கு வருந்தாத உழவர் இவர்கள் (உழுவதுமில்லை என்பது வேறு செய்தி). அமெரிக்க அரசுடன் செய்த 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இவ்வரிசியைச் சேகரிக்கும் உரிமையும் எழுதப்பட்டிருந்தது; அதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. வறுத்த மணிகளின் உமியை நீக்க, அவற்றைக் குழியிலிட்டு, மொக்காசின் எனும் மென்தோல் காலணியுடன் மேலே நடனமாடுவர். கனத்த கால் பட்டால் அரிசி நொறுங்குமாதலால், அப்பணி பெரும்பாலும் சிறுவர்களுக்கே வாய்த்தது. குதிக்காதே என்று அதட்டப் பெரியவர்களுக்கு வழியில்லை!