பேராண்டி செய்யப்போற பாட்ரி காரு

வாடா பேராண்டி. அண்ணாமலை யூனிவர்சிட்டியில இஞ்சினீரிங் முடிச்சிட்டு, உள்ளூர்ல ஓட்டறாப்ல சின்னதா ஒரு பாட்ரி காரு செய்யப்போறியாமே. செய்யி. குதிர மொகத்துச் சாமி மலமேல உக்காந்திருக்கிற ஊரு, குதிரைத்திறன் கணக்க அவரு பாத்துக்குவாரு. மிச்சக் கணக்க நான் சொல்றன், கேட்டுக்க.

உனக்கு முன்னாடியே செஞ்சி பாத்துட்டாங்கடா. 1993லயே கோயமுத்தூர்லயும் சாலக்குடியிலயும் 'லவ்பேர்டு'ன்னு ஒரு காரு. ரெண்டே சீட்டு, ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டரு. டில்லி கண்காட்சியில கொண்டாந்து வச்சாங்க. வாங்கத்தான் ஆளில்ல. பின்ன? நம்மாளு பொண்டாட்டியோட தனியா கார்ல போறதே கல்யாணத்தன்னிக்கு ஒரு நாளு. அதுக்கும் முன்சீட்ல மாமன் ஏறிக் குந்திக்குவான்.

பொறவு 2001ல பெங்களூருல சேத்தன் மைனி 'ரேவா' விட்டாரு. முன்னால ரெண்டு பெரியாளு, பின்னால ரெண்டு பசங்க, 80 கிலோமீட்டரு. திருப்பாப்புலியூர் மார்க்கெட்டுக்குப் போயி கத்திரிக்கா வாங்கிக்கினு வர அது தாராளம். தெனம் நாம போறதும் அவ்ளோதான். ஆனா காரு வாங்கறப்ப எவன் கத்திரிக்காய நெனைக்கிறான்? வருசத்துல ஒரு நாளு திருப்பதி போறத நெனைப்பான். மச்சினி, அவ புள்ளைங்க, ஒரு தூக்கு புளிசாதம், அத்தினிக்கும் எடம் கேப்பான்.

அப்பறம் அதே ரேவா லண்டன்ல எப்பிடித் தாத்தா ஓடிச்சின்னு கேப்ப. அங்கதான்டா சூட்சமம். 'ஜி-விஸ்'னு பேர மாத்தி வித்தாங்க. காருன்னே சேக்கல, குவாட்ரிசைக்கிள்னு நாலு சக்கரச் சின்ன வண்டி கணக்குல வச்சாங்க. 2003லேருந்து அங்க நடு ஊருக்குள்ள காரு நொழைஞ்சா காசு கட்டணும். பாட்ரி வண்டிக்கு அப்ப அது கெடையாது. வெள்ளக்காரன் முழங்கால மடக்கிக்கினு அதுக்குள்ள ஏறினது காத்து சுத்தமாவட்டும்னு மட்டுமா?

அதனால நீ மோட்டார வச்சிக்கினு மண்டய ஒடைச்சிக்காத. முகூர்த்த நாள்ல நம்ம தேவநாதசாமி கோயிலாண்ட வந்து நில்லு. ஒரே காலையில எத்தினி தாலி! வேனும் காருமா அடச்சிக்கினு, நல்ல நேரம் முடியறப்பவும் மாப்ள ரோட்டுலயே நிக்கிறான். ஊராட்சியில ஒரு மனு குடு: பெட்ரோல் வண்டி எல்லையிலயே நிக்கணும், உள்ள வந்தா காசு, பாட்ரி காருக்கு மட்டும் சும்மா. அப்பறம் நீ தீப்பெட்டியாட்டம் செஞ்சாலும் சம்பந்திங்க அடிச்சிக்கினு ஏறுவாங்க.

கரண்டுக்குக் கவலயில்ல, நெய்வேலி பக்கத்துலதான். ஆனா 2011ல தானே புயலு கம்பத்தயெல்லாம் சாச்சிட்டு, நாம இருட்டுல கெடந்தத மறந்துடாத. நாலு பேரு தள்ளினா நவுர்றாப்ல கனத்த வையி.

மனுவுல மொதக் கையெழுத்து எந்து. கதவ மட்டும் கொஞ்சம் அகலமா வையிடா. உங்க பாட்டி ஏறி எறங்க முடியலன்னா ரெண்டாவது கையெழுத்து கெடைக்காது.