முகம் காட்டு, மாவு வாங்கு

குழந்தைகள் மேல் நம் அரசாங்கங்களுக்கு இருக்கும் அக்கறை பெற்றவளுக்குக்கூடக் கிடையாது. பெற்றவள் என்ன செய்வாள்? இடுப்பில் தூக்கிப் பார்த்து, "போன மாசத்துக்கு இளைச்சுட்டான்" என்பாள். அதோடு சரி. அரசாங்கம் அப்படி விட்டுவிடுமா? எடை எத்தனை கிலோ எத்தனை கிராம், உயரம் எவ்வளவு, அம்மாவின் ஆதார் எண் என்ன, எந்த செல்போன் எண்ணில் பிடிக்கலாம், என்ன சமூகம், பிள்ளைக்கு ஊனம் ஏதும் உண்டா, வயிற்றில் அடுத்தது இருக்கிறதா, இருந்தால் எத்தனையாவது மாதம் என்று ஒன்று விடாமல் கேட்டு, ஏற்றி, தில்லி வரைக்கும் அனுப்பிவைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூரில் ஒரு பிள்ளைக்கு அரைக் கிலோ குறைந்தால் தில்லித் திரையில் அது தெரியும். மூவேந்தர்கள் ஆண்ட காலத்தில் இந்த வசதி உண்டா, சொல்லுங்கள்.

1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நிர்வாகம் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. தட்டோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்குச் சோறு போட்டார்கள். நீ யார், இது உன் முகம்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. பசியையே அடையாள அட்டையாக ஏற்றுக்கொண்ட அந்த அசட்டுத்தனம் நல்லவேளையாக ஒழிந்தது. 2021 மார்ச்சில் மத்திய அரசின் 'போஷன் டிராக்கர்' வந்தது. நாடு முழுக்க அங்கன்வாடிப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் ஒரே செயலிக்குள் வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டின் 54 ஆயிரத்துச் சொச்சம் மையங்களும் அதில் அடக்கம். 2025 ஜூலை 1 முதல் அதற்குக் கண்ணும் முளைத்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவு வேண்டுமென்றால் முகத்தைக் காட்ட வேண்டும். ஆதாரில் இருக்கும் முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒத்துப்போனால்தான் மாவு. போலிப் பயனாளிகள் புகுந்துவிடக் கூடாதாம். கர்ப்பிணி வேடம் போட்டுச் சத்துமாவைக் கடத்தும் கும்பல்களிடமிருந்து தேசத்தைக் காப்பது என்ன சாதாரண வேலையா?

மாவு கொடுக்கிற நாளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மையம் எதற்காவது போய் நின்று பாருங்கள், மெய்சிலிர்க்கும். பென்னலூரைச் சுற்றி வாடகைக்கு ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒடிசாக் குடும்பங்களும் பீகார்க் குடும்பங்களும் அநேகம். அப்படி ஒரு பெண், ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். டீச்சர் செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பார்.

"கண்ணச் சிமிட்டும்மா. இன்னொரு தரம். முக்காட்டைக் கொஞ்சம் தள்ளிக்கோ. வாசப்பக்கம் வெளிச்சத்துக்கு வா."

ஆதார் படம் கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் எடுத்தது. அப்போது இந்தக் கன்னத்தில் சதை இருந்தது. செயலிக்கு அந்த முகம்தான் தெரியும், இரண்டு பிரசவம் பார்த்த இந்த முகம் தெரியாது. சரி, இ-கேஒய்சி செய்துவிடலாம் என்றால் ஓடிபி வர வேண்டும். அது புருஷனின் செல்போனுக்குப் போகும்.

"உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நம்பர் கேளும்மா."

"போன் கம்பெனி மே, தீதி. டூட்டி."

"எப்ப வருவாரு?"

"ராத்."

ஓடிபிக்கோ ஆயுசு சில நிமிஷம்தான். மூட்டையில் மாவு இருக்கிறது, எதிரில் பிள்ளை இருக்கிறது. அவள் வயிற்றில் அந்தப் பிள்ளை இருந்த நாள் முதலாகப் பார்த்துவரும் டீச்சரும் அங்கேயே இருக்கிறார். ஆனாலும் செயலி அசையாது. முகதாட்சண்யம் என்பதே அறியாத இந்த நேர்மைக்கு என்ன விருது கொடுத்தாலும் தகும். வருஷக்கணக்கில் பழகிய மனுஷியின் கண்ணை நம்பாமல் கேமராவின் கண்ணை நம்புகிற பக்குவம் எல்லா அரசுக்கும் வாய்க்காது. பல மாநிலங்களில் அங்கன்வாடி ஊழியர்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். முன்னேற்றம் பிடிக்காதவர்கள் எங்கேதான் இல்லை?

அந்தப் புருஷனின் செல்போன் எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை கேட்டுக்கு உள்ளே ஒரு லாக்கரில். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் பல கம்பெனிகளில் வேலை செய்யும் இடத்துக்குச் செல்போன் கொண்டுபோக முடியாது. விருந்தாளியாகப் போகிறவர்களின் போன் கேமராவில் செக்யூரிட்டிக்காரர் வட்டமாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார். அது மட்டுமா? சந்தைக்கு வராத புது மாடல் காரைச் சோதனை ஓட்டத்துக்கு ரோட்டில் இறக்கினால் உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிக்கோலம் போட்ட படலத்தைச் சுற்றி, விளக்கு எது வளைவு எது என்று தெரியாமல்தான் இறக்குகிறார்கள். ஒரகடம் சாலையில் நின்றால் அப்படி ஒன்று விர்ரென்று தாண்டிப் போவதைப் பார்க்கலாம். ஒரு பம்பருக்கு இத்தனை மானம் மரியாதை. அந்த பம்பரைப் பூட்டுகிறவனின் பெண்டாட்டி முகத்துக்கு மட்டும் முக்காடு ஆகாது. இரும்புக்கு எது தேவை, மனுஷருக்கு எது தேவை என்று பிரித்தறிந்த இந்த விவேகத்தைத்தான் நான் பாராட்டவே உட்கார்ந்தேன்.

இது நடக்கிற மண்ணும் லேசுப்பட்டதல்ல. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். ஆசான் ரகசியம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னார் என்பார்களே, அவர்தான். தனக்கு நரகம் வந்தாலும் வரட்டும், எல்லோரும் கடைத்தேறினால் போதும் என்றாராம். அவர் வழியைத்தான் நம் துறைகள் இன்று கடைப்பிடிக்கின்றன. ரகசியமாகச் சொன்னது எதுவும் ரகசியமாகத் தங்குவதில்லை. சின்ன வித்தியாசம், நரகத்துக்குப் போகும் பொறுப்பை மட்டும் குடும்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள்.

உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2021-இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண், குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பது உட்பட, இணையத்தில் கிடப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ரேஷன் கடையில் சர்க்கரைக்கு வரிசையில் நின்ற நமக்கு உலகச் சந்தையில் இப்படி ஒரு மதிப்பு இருக்கும் என்று யார் கண்டது? 2023 ஜூனில் டெலிகிராமில் ஒருவரின் போன் எண்ணைத் தட்டினால், கொரோனா தடுப்பூசிக்காகக் கொடுத்த பிறந்த தேதி, அடையாள அட்டை எண், அதே எண்ணில் பதிந்த வீட்டார் விவரம் எல்லாம் வந்து விழுந்தது. கோவின் தளம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று அரசு உடனே தைரியம் சொன்னது. தளம் பத்திரம் என்றால் போதாதா, தகவலும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

கீழ்மட்டத்தில் நடக்கும் சேவையையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் சாப்பிடும் படம், எடை மெஷினில் நிற்கும் படம், சட்டை இல்லாமல் குளிக்கவைத்த படம்கூட, 'வேலை நடக்கிறது' என்பதற்குச் சாட்சியாக வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்விடும். அங்கிருந்து அடுத்த குழு, அங்கிருந்து யாருடைய போனுக்கோ. டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. படம் வராவிட்டால் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பது அவரைத்தான். எந்தப் பிள்ளைக்கு வளர்ச்சி குன்றியிருக்கிறது, யார் வீட்டில் மூன்றாவது கர்ப்பம் என்பதெல்லாம் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு விசாரிக்க வருகிற சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே இருக்காது. வெளியூரிலிருந்து வந்து தனிமையில் வாடும் குடும்பங்களுக்கு இதைவிட ஆறுதல் ஏது?

பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் உறவு இது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண். அது இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம், அது இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் வரும். பள்ளியில் சேர்த்ததும் எமிஸ் என்ற மாணவர் பதிவு எண். அதில் ரத்த வகை, பெற்றோர் வருமானம், சமூகம், போன் நம்பர். பிறகு பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் ஒருநாள், முன்பின் தெரியாத ஒரு கல்லூரியிலிருந்து பெண் குரல் அழைக்கும். "சார், உங்க டாட்டர் பயோ மேத்ஸ்தானே?" பெற்ற தகப்பனுக்கே குரூப் மறந்துபோயிருக்கும் நேரம் அது. எங்கிருந்து நம்பர் கிடைத்தது என்று கேட்டால் மட்டும் சிக்னல் கட்டாகிவிடுகிறது.

சட்டத்தை மதிப்பதிலும் நம் துறைகளை மிஞ்ச ஆளில்லை. சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ஆவது பிரிவு: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் மீட்கப்பட்ட குழந்தையின் முகத்தை மறைத்துவிட்டுத்தான் படம் தருகிறார்கள். ஊர்ப் பெயர், தெரு, பள்ளிக்கூடம், தாய்மாமன் வேலை செய்யும் கம்பெனி ஆகியவை மட்டும் செய்தியில் இருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் எந்தப் பயனையும் மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. போஷன் டிராக்கரில் பிள்ளைக்கு ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதார் போதும் என்று 2022-இல் அமைச்சகமும் தெளிவுபடுத்தியது. தாய்க்கும் பிள்ளைக்கும் பேதம் பார்க்காத நாடு இது. பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 2007 அக்டோபரில் பிரிட்டனின் வரித் துறை, குழந்தைகள் உதவித்தொகை வாங்கும் குடும்பங்களின் விவரத்தை இரண்டு டிஸ்க்குகளில் எழுதித் தபாலில் போட்டது. இரண்டரைக் கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு. டிஸ்க்குகள் போய்ச் சேரவே இல்லை. நவம்பர் 20-இல் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து அதை ஒப்புக்கொண்டார், துறைத் தலைவர் பதவி விலகினார். தபால் தொலைந்ததற்கெல்லாமா வேலையை விடுவது? நெதர்லாந்தில் இன்னும் மோசம். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித் துறை முத்திரை குத்தியது. இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. கடனில் மூழ்கிய அந்தக் குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். 2021 ஜனவரி 15-இல் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமும் ராஜினாமா செய்தது. நம் ஆட்கள் திடசித்தம் உள்ளவர்கள். 50 லட்சம் பேரின் விவரம் போனாலும் ஒரு நாற்காலியும் ஆடாது.

இந்தத் திடசித்தத்துக்குச் சட்ட உருவமும் கொடுத்தாகிவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலைத் தொட வேண்டுமென்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், இந்தக் கடமையில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். படிக்கவே வயிறு நிறைகிறது. சலுகையும் மானியமும் சான்றிதழும் கொடுக்கிற அரசுக்கு மட்டும் பல நேரங்களில் புதிதாக ஒப்புதல் கேட்கத் தேவையில்லாதபடி வழியும் வைத்திருக்கிறார்கள். கொடுக்கிற கையைக் கேள்வி கேட்பது நம் பண்பாடு இல்லையே. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில், குழந்தைகள் தினத்தை ஒட்டி வெளிவந்தன. பொருத்தமான நாள்தான். தகவலை வைத்திருப்போரின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரைக்கும். அந்த ஒன்றரை வயதுப் பிள்ளை அதற்குள் வளர்ந்தேவிடும்.

அதே சட்டத்தின் ஒரு பிரிவுக்கு மட்டும் ஒருநாள் அவகாசமும் தேவைப்படவில்லை. 44(3) என்ற அந்தப் பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்று சொல்லியே ஒரு மனுவைத் தள்ளிவிட வசதி செய்கிறது. விதிகள் வந்ததுமே அது அமலுக்கு வந்துவிட்டது. முகம் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மாவுக்கு யார் பொறுப்பு, தகவல் கசிந்ததற்காக எந்த அதிகாரி மேல் என்ன நடவடிக்கை என்று பென்னலூரிலிருந்து ஒருவர் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால், அது அந்த அதிகாரியின் அந்தரங்கம் என்று பதில் வரலாம். அந்தரங்கத்தின் அருமை தெரியாதவர்கள் என்று இனிமேல் யாரும் இவர்களைச் சொல்ல முடியாது.