வேலை போன விளக்குக்கு ஒரு வக்காலத்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மினசோட்டாக்காரர்கள் கோடை விடுமுறைக்கு எங்கே போவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஏரிக்கரைக்குப் போவார்கள். போய், 1969-லேயே வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒரு விளக்கை டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். "காசு கொழுத்துப் போச்சு" என்று நீங்கள் சொல்வது இங்கே வரைக்கும் கேட்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் நிற்கும் ஸ்ப்ளிட் ராக் லைட்ஹவுஸ், வேலை போன பிறகும் பார்க்க வேண்டிய இடம்தான் என்பது என் வாதம்.

ஏரிக்கு எதற்கு லைட்ஹவுஸ் என்று முதலில் கேட்பீர்கள். நியாயம்தான், நம் ஊரில் ஏரியைத் தாண்ட ஒரு நல்ல பரிசல்காரர் போதும். ஆனால் இந்த ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கையை அப்படியே உள்ளே இறக்கினாலும் சுற்றிலும் தண்ணீர் மிஞ்சும். ஆழம் சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல். உப்பு ஒன்றுதான் குறை, மற்றபடி நவம்பரில் கடலுக்குள்ள கோபம் அத்தனையும் உண்டு. 1905 நவம்பர் கடைசியில் அடித்த ஒரு புயலில் 29 கப்பல்கள் சேதமாயின. மட்டாஃபா என்ற கப்பல் துலூத் துறைமுக வாசலிலேயே, கரையில் கூடியிருந்த ஜனங்களின் கண்ணெதிரே உடைந்தது. அதிலிருந்த ஒன்பது பேர் விறைத்தே செத்தார்கள்.

"ஏழை மாலுமிக்காகவா கட்டினார்கள்?" என்று உங்கள் தொழிற்சங்க ரத்தம் அடுத்து கேட்கும். இல்லை. அடிபட்ட கப்பல்களில் பல, இரும்புத்தாது ஏற்றும் யு.எஸ். ஸ்டீல் குழுமத்துடையவை. கம்பெனி வாஷிங்டனில் போய் முறையிட்டது, காங்கிரஸ் 75,000 டாலர் ஒதுக்கியது, 1910 ஜூலை 31-இல் விளக்கு எரிந்தது. முதலாளியின் நஷ்டக் கணக்கிலிருந்து பிறந்த விளக்கு என்று தாராளமாகச் சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் எரியும் விளக்கு யாருடைய கப்பல் என்று விசாரித்துக்கொண்டிருக்காது. முதலாளியின் சுயநலத்தில் இவ்வளவு பேருக்கு இலவசப் பங்கு கிடைத்தது அபூர்வம்.

இனி டிக்கெட் விஷயம். அந்தக் காலத்தில் அங்கே சாலையே கிடையாது. செங்கல், சிமெண்ட், பாரிஸில் செய்த கண்ணாடி வில்லை என்று எல்லாம் படகில் வந்து, நூற்று முப்பது அடிச் செங்குத்துப் பாறைமேல் நீராவிப் பாரந்தூக்கியால் ஏறின. உள்ளே எரிந்தது மண்ணெண்ணெய் மேண்டில் விளக்கு, நம் கல்யாண ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அந்த வெளிச்சத்தை 22 மைல் தூரம் கொண்டுபோனது கண்ணாடிதான். சிப்பியின் இரண்டு ஓடுகளைப் போல எதிரெதிராக நிற்கும் பட்டகங்களைப் பாதரசத்தில் மிதக்க விட்டார்கள். கடிகாரப் பொறி ஒன்று அவற்றைச் சுழற்ற, பத்து நொடிக்கு ஒரு பளிச்சு. பொறியை ஓட்டிய எடைக்குண்டு கோபுரத்தின் நடுவே மெல்ல இறங்கும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காவலாளி கையால் சுற்றி அதை மேலே ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க, கப்பல் ஓடும் மாதங்கள் முழுக்க. ஒரு வெளிச்சத்துக்கு எத்தனை தூக்கம் செலவு என்பதை எந்தக் கப்பலிலிருந்தும் பார்க்க முடியாது. வில்லைக்குப் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். 1924-இல் நெடுஞ்சாலை வந்ததும் சுற்றுலா ஜனம் குவிந்தது. பிற்பாடு ரேடார் வந்து கப்பல்கள் விளக்கை மறந்தன. ஒரு வாடிக்கையாளர் போகுமுன்னே இன்னொருவர் வாசலில் நின்ற யோகம் எல்லாக் கட்டடத்துக்கும் வாய்க்காது. 1976 முதல் மினசோட்டா வரலாற்றுக் கழகம் அதைப் பராமரிக்கிறது.

ரேடார் வந்தபின் பழைய சாமானுக்கு இவ்வளவு சீராட்டு ஏன் என்றால், 1975 நவம்பர் 10-ஐச் சொல்வேன். ஏரியின் கிழக்குக் கோடியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய தாதுக்கப்பல் புயலில் சிக்கியது. அதன் ரேடார்கள் இரண்டும் போயின. அங்கே கரையில் ஒயிட்ஃபிஷ் முனை லைட்ஹவுஸில் கரண்ட் போய் விளக்கும் ரேடியோ சமிக்ஞையும் நின்றன; விளக்கு அன்று மாலையே மீண்டது, சமிக்ஞை மீளவில்லை. கப்பலிலிருந்த 29 பேரும் மூழ்கினார்கள். விளக்கு ஒன்றே காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அந்தப் புயலுக்கு எதுவும் போதாது. புதுக்கருவி வந்துவிட்டது, பழையதைக் காயலான் கடைக்குப் போடு என்கிற அவசரத்துக்கு மட்டும் இது பதில்.

ஆண்டுதோறும் அதே தேதியில் ஸ்ப்ளிட் ராக்கில் அந்த 29 பெயர்களையும் வாசித்து, மணியடித்து, விளக்கை ஏற்றுகிறார்கள். ஆகவே டிக்கெட் காசு வீண் இல்லை என்பதே என் தீர்ப்பு. நீங்களும் பெரியம்மாவும் வருவதானால் ஜூலையில் வாருங்கள். நவம்பர் குளிர் உங்கள் மங்கி குல்லாவுக்கு அடங்காது.

இப்படிக்கு,
அன்பு மகன்