துணித்தலைப் பாம்பும் நிலா மாமியாரும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒரு கடவுள் சில்லறைக் காசுக்கு விலைபோனார். இடம், மாசிடோனியாவின் பெல்லா. அந்தப் பக்கத்துப் பெண்கள் வீட்டில் பாம்பு வளர்ப்பார்களாம். குழந்தைகளோடு படுத்துத் தூங்கும், மிதித்தாலும் சீறாது. அப்படியொரு நீளமான சாதுப் பாம்பை வாங்கிக்கொண்டு கிளம்பிய இருவரில் ஒருவர் பெயர் அலெக்சாண்டர். பெல்லாவில் பிறந்து உலகத்தை அடித்துப் பிடித்த அலெக்சாண்டர் இல்லை. அவர் செத்து 450 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நம் ஆள் யார்மீதும் படையெடுக்கவில்லை. உலகம் தானே வந்து வரிசையில் நின்று காசு கட்டியது.

கூட்டாளி கொக்கோனாஸ், பைசாண்டியத்துக்காரர், பாட்டுக் கட்டிப் பிழைத்தவர். வயது போனாலும் அழகு போகவில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என ஏங்கிய ஒரு பணக்கார மாசிடோனிய அம்மாளின் செலவில் இருவரும் ஊர்சுற்றிக்கொண்டிருந்தார்கள். அலெக்சாண்டருக்கு நல்ல உயரம், வெளுத்த நிறம், இனிமையான குரல், ஆளை அசத்தும் கண். தலைமுடி பாதி சொந்தம், பாதி வாங்கியது. இளவயதில் ஒரு போலி வைத்தியரிடம் ஒட்டிக்கொண்டு மருந்தும் மந்திரமும் கொஞ்சம் கற்றிருந்தார். சாமியார் உத்தியோகத்துக்கு இதற்கு மேல் தகுதி இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் லூசியன். சமோசாட்டாவில் பிறந்து கிரேக்க மொழியில் எழுதிய நையாண்டிக்காரர். அலெக்சாண்டரின் பரம வைரி என்பதால், அவர் சொல்வதைக் கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பாம்பு மட்டும் அவர் கற்பனை இல்லை. நாணயத்திலும் பளிங்கிலும் அது கிடைத்திருக்கிறது.

இருவரும் போட்ட கணக்கு எளிது. மனிதனை ஆட்டிவைப்பவை ஆசையும் பயமும். ஆசைப்படுகிறவனுக்கும் பயப்படுகிறவனுக்கும் நாளை என்ன நடக்கும் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே குறி சொன்னால் கல்லா நிரம்பும். கடையை எங்கே போடுவது? சால்சிடனில் போடலாம், வியாபாரிகள் வந்துபோகிற இடம் என்றார் கொக்கோனாஸ். அலெக்சாண்டர் தன் சொந்த ஊரைச் சொன்னார்: கருங்கடலின் தென்கரையில், பாஃப்லகோனியா நாட்டில் இருந்த அபோனோடைகஸ். ஊர்ப்பாசமெல்லாம் இல்லை. எங்கள் ஆட்களிடம் காசு இருக்கிறது, எவனாவது மேளதாளத்தோடு வந்து சல்லடையைச் சுற்றிக் குறி சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள் என்று காரணம் சொன்னார்.

கடைசியில் விளம்பரம் சால்சிடனில், கடை அபோனோடைகஸில் என்று முடிவானது. சால்சிடனின் பழைய அப்போலோ கோயிலில் வெண்கலத் தகடுகளைப் புதைத்தார்கள். தகடுகள் தக்க சமயத்தில் ‘கிடைத்தன’. வைத்தியக் கடவுள் அஸ்கிளேபியஸ் தன் அப்பா அப்போலோவோடு சீக்கிரமே அபோனோடைகஸுக்குக் குடிவரப்போகிறார் என்று அதில் எழுதியிருந்தது. சேதி ஊருக்கு எட்டியதும் ஊரார் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டக் கிளம்பிவிட்டார்கள்.

சிரிக்கலாம்தான். ஆனால் அவர்கள் நிலைமையையும் பாருங்கள். டெல்ஃபிக்கு ஒரு அப்போலோ, பெர்கமத்துக்கு ஒரு அஸ்கிளேபியஸ். அங்கெல்லாம் யாத்திரை என்ன, கூட்டம் என்ன! நம்மூரை எவன் திரும்பிப் பார்த்தான்? இப்போது கடவுளே மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறார் என்றால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? கடப்பாரையைத் தூக்கிய ஒருவருக்கும் தான் ஏதோ ஒரு கும்பலில் சேருகிறோம் என்ற நினைப்பு இருந்திருக்காது. ஊர்ப் பொதுக்காரியம் என்றுதான் இருந்திருக்கும்.

இதற்கிடையே கொக்கோனாஸ் சால்சிடனிலேயே இறந்துபோனார். விரியன் கடித்ததாக லூசியன் சொல்கிறார். பாம்பை வைத்துப் பிழைக்கக் கிளம்பியவருக்குப் பாம்பாலேயே முடிவு. கம்பெனி தனியார் உடைமை ஆனது.

அலெக்சாண்டர் ஊருக்குள் வந்தபோது தோளில் புரளும் சடை, ஊதாவும் வெள்ளையுமாக உடை, கையில் புராண வீரன் பெர்சியஸ் வைத்திருப்பது போன்ற வளைந்த வாள். அம்மா வழியில் தான் பெர்சியஸ் வம்சம் என்றார். அவருடைய அப்பா அம்மா இருவரையும் ஊருக்கே தெரியும், சாதாரண மனிதர்கள். இருந்தும் தலையாட்டினார்கள், அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டதே! அவ்வப்போது அருள் வந்து வாயில் நுரை தள்ளும். சாயத்தொழிலில் பயன்படும் ஒரு வேரை மென்றால் யாருக்கும் அப்படித் தள்ளும்.

ஒரு ராத்திரி அஸ்திவாரக் குழிக்குப் போனார். அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. உள்ளீட்டை எடுத்துவிட்ட வாத்து முட்டைக்குள், பிறந்து சில நாளான பாம்புக்குட்டி ஒன்றை வைத்து, மெழுகும் வெள்ளை ஈயமும் குழைத்து அடைத்து, சேற்றில் புதைத்துவிட்டு வந்தார். பொழுது விடிந்ததும், இடுப்பில் பொன்னிறத் துணி ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாமல் சந்தைக்குள் ஓடிவந்தார். பலிபீடத்தில் ஏறிக்கொண்டு, எபிரேயமோ ஃபினீசியமோ என்று தோன்றும்படி எதையோ உளறினார். நடுநடுவே அப்போலோ, அஸ்கிளேபியஸ் என்ற பெயர்கள் மட்டும் புரிந்தன. பிறகு குழிக்கு ஓடினார், கூட்டமும் ஓடியது. தண்ணீரில் இறங்கிப் பாட்டுப் பாடி, ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி, சேற்றோடு முட்டையை அள்ளினார். உடைத்தார். குட்டி அவர் விரலைச் சுற்றிக்கொண்டது. ஊரே விழுந்து கும்பிட்டது. ஆளாளுக்கு ஆரோக்கியம் கொடு, பணம் கொடு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து தரிசனம். சின்ன அறை, மங்கலான வெளிச்சம். அலெக்சாண்டர் கட்டிலில் உட்கார்ந்திருக்க, பெல்லாவில் வாங்கிய பெரிய பாம்பு அவர் கழுத்தைச் சுற்றி மடியில் வழிந்து கிடக்கும். அதன் நிஜத் தலை அவர் அக்குளுக்குள். தாடிக்குப் பக்கத்தில் எட்டிப்பார்ப்பது துணியில் செய்து வர்ணம் பூசிய, மனித முகச் சாயல் கொண்ட தலை. குதிரைமயிரை இழுத்தால் வாய் திறக்கும், கருத்த இரட்டை நாக்கும் வெளியே வரும். ஒரு கதவில் நுழைந்தவரை நின்று பார்க்க விடாமல் மறு கதவு வழியாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். முந்தாநாள் விரல் தடிமன் இருந்த சாமி இத்தனை பெரிதாகிவிட்டாரே என்று அவர்கள் வெளியே போய்ப் பேசினார்கள். சாமிக்குப் பெயர் கிளைக்கான்.

அருள்வாக்கு வேண்டுமானால் கேள்வியைச் சுருளில் எழுதி, கட்டி, மெழுகு முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். முத்திரை கலையாமல் பதிலோடு திரும்பி வரும். சூடான ஊசியை முத்திரைக்கு அடியில் விட்டு மெழுகை இளக்கினால் அப்படியே பெயர்ந்து வரும். படித்துவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம். அதற்கு மசியாத முத்திரைக்குப் பிசினும் சுண்ணாம்பும் வைத்து அச்செடுக்கும் வழிகளும் இருந்தன. ஒரு கேள்விக்குக் கட்டணம் 1 டிராக்மா 2 ஓபோல். ஒரே ஆள் 10, 15 கேள்வி கேட்பதுண்டு. வருஷத்துக்கு 70,000, 80,000 டிராக்மா வந்ததாம். பணக்காரர்களுக்கு மட்டும் சாமி நேரடியாகப் பேசுவார். கொக்குகளின் மூச்சுக்குழாயை ஒன்றோடொன்று பொருத்தித் துணித்தலைக்குள் விட்டு, வெளியிலிருந்து ஓர் ஆள் பேசுவார்.

வந்த பணத்தை அலெக்சாண்டர் தனியாக விழுங்கிவிடவில்லை. இதில்தான் அவர் கெட்டிக்காரர். எழுத்தர்கள், முத்திரை போடுபவர்கள், விளக்கம் சொல்பவர்கள், உளவாளிகள் என்று ஏகப்பட்ட பேருக்குச் சம்பளம். ஊரில் இத்தனை அடுப்பு எரியும்போது சாமி பொய் என்று யார் வாயைத் திறப்பார்? கேள்வி கொண்டுவரும் வேலைக்காரனிடம் பேச்சுக் கொடுத்து எஜமானரின் குடும்பச் சங்கதியைக் கறப்பதும் நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தந்திரம். பேரரசுக்கு ஆகாத கேள்வி எதையாவது ஒரு பெரிய மனிதர் எழுதியனுப்பினால், அந்தச் சுருள் மட்டும் திரும்பி வராது. பதில் எங்கே என்று கேட்க அவருக்குத் தைரியம் வருமா? ஆயுசுக்கும் காணிக்கைதான்.

எதிரியும் வேண்டுமே. சாமிக்கு அவர் நடத்திய திருவிழாவின் முதல் நாள், நாத்திகனோ கிறிஸ்தவனோ எபிக்யூரியனோ உளவு பார்க்க வந்திருந்தால் ஓடிப்போகட்டும் என்று அறிவிப்பு. கிறிஸ்தவர்கள் வெளியே என்று அலெக்சாண்டர் கத்துவார், எபிக்யூரியர்கள் வெளியே என்று கூட்டம் கத்தும். எபிக்யூரியர்களின் குருவான தத்துவஞானி எபிக்யூரஸின் புத்தகம் ஒன்றைச் சந்தையில் அத்திக் கட்டைமேல் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். எபிக்யூரியர்மேல் இத்தனை கோபம் ஏன் என்றால், அவர்கள் கணக்குக் கேட்டார்கள். காணாமல்போன மகன் கொலையுண்டான் என்று சாமி சொன்னதை நம்பி ஒரு தகப்பன் வழக்குப் போட, அடிமைகள் மிருகங்களுக்கு இரையாக்கப்பட்டார்கள். பையனோ செங்கடல் ஓரத்து கிளிஸ்மாவிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருந்தான். நல்லபடியாகத் திரும்பியும் வந்தான். இதை ஒரு எபிக்யூரியர் எல்லோர் முன்னும் கேட்டார். கல்லால் அடியுங்கள் என்றார் அலெக்சாண்டர். கூட்டம் கல்லைப் பொறுக்கியது. பெரிய மனிதர் ஒருவர் குறுக்கே விழுந்திராவிட்டால் ஆள் போயிருப்பார். கோயிலில் பாட நகரங்கள் அனுப்பிவைத்த சிறுவர்களுக்கு நேர்ந்ததையும் லூசியன் எழுதியிருக்கிறார். அது சிரிக்கிற விஷயம் இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அலெக்சாண்டர் இல்லை, ருட்டிலியானஸ். ரோமில் கான்சல் பதவி வகித்தவர், படித்தவர், செல்வாக்கானவர். எண்ணெய் ஊற்றிய கல்லை எங்கே கண்டாலும் விழுந்து கும்பிட்டு வரம் கேட்கிற பிரகிருதி. மகனுக்கு யாரை ஆசிரியராக வைக்கலாம் என்று கிளைக்கானைக் கேட்டார். பித்தாகரஸும் ஹோமரும் என்று பதில் வந்தது. சில நாளில் பையன் இறந்துவிட்டான். அலெக்சாண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பாற்றியது யார் தெரியுமா? பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாவேதான். உயிரோடிருக்கும் வாத்தியாரைச் சொல்லாமல், செத்துப்போன இருவரை சாமி சொன்னபோதே புரிந்துகொண்டிருக்க வேண்டும், இப்போது பையன் மறுஉலகில் அவர்களிடம்தான் படித்துக்கொண்டிருப்பான் என்று அவரே விளக்கம் கொடுத்துவிட்டார்.

பாம்புத் தலையைத் தைப்பது ஒரு நாள் வேலை. இந்த மாதிரி ஒரு தலையைத் தைக்க எந்த அலெக்சாண்டராலும் முடியாது. அது தானாக வந்து மாட்டிக்கொள்ளும். இத்தனை நம்பியபின் சாமி பொய் என்று ஒப்புக்கொண்டால் பையன் வெறுமனே செத்ததாகிவிடுமே, அதை எந்த அப்பா தாங்குவார்?

ருட்டிலியானஸுக்கு அவருடைய 60ஆம் வயதில் தன் மகளையே கட்டிவைத்தார் அலெக்சாண்டர். பெண்ணின் தாயார் நிலா என்றார். தான் தூங்கும்போது வந்து காதலித்துவிட்டுப் போனதாம். மாப்பிள்ளை மாமியாருக்கு நூற்றுக்கணக்கில் மாடு பலியிட்டார். முற்பிறவியில் நீ அக்கிலீஸ், அடுத்து நாடகாசிரியர் மெனாண்டர், இனிமேல் சூரிய கிரணம் ஆவாய், ஆயுசு 180 என்றும் சொல்லப்பட்டது. 70இல் சித்தம் கலங்கி இறந்தார்.

இந்தச் சம்பந்தத்தின் தயவில் சாமி அரண்மனை வரை போனது. 161இல் கப்படோசிய ஆளுநர் செவேரியானஸுக்கு ஆர்மீனியாவில் வெற்றி என்றது சாமி. அவர் படையோடு அழிந்தார். உடனே பதிவேட்டிலிருந்து அந்த வாக்கை எடுத்துவிட்டு, போகாதே என்று வேறொன்றை எழுதிவைத்தார்கள். டான்யூப் போரில் இரண்டு சிங்கங்களை ஆற்றில் விட்டால் ஜெயம் என்றது. விட்டார்கள். அக்கரைக்கு நீந்திய சிங்கங்களை, ஏதோ வெளியூர் நாய் என்று நினைத்து ஜெர்மானியர்கள் தடியால் அடித்துக் கொன்றார்கள். ரோமானியர் பக்கம் ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். வெற்றி என்றுதான் சாமி சொன்னார், யாருக்கு என்றா சொன்னார் என்று கேட்டார் அலெக்சாண்டர். கொள்ளைநோய் வந்தபோது வாசற்கதவில் எழுதிவைக்க ஒரு மந்திரம் கொடுத்தார். அதை நம்பி ஜாக்கிரதையை விட்டதாலோ என்னவோ, எழுதிய வீடுகள்தான் அதிகம் காலியாயின என்கிறார் லூசியன்.

லூசியனும் சும்மா இருக்கவில்லை. அலெக்சாண்டர் எப்போது மாட்டிக்கொள்வார் என்று ஒரே கேள்வியை எழுதி, எட்டுக் கேள்விக்குப் பணம் கட்டி அனுப்பினார். சம்பந்தமில்லாமல் எட்டுப் பதில் வந்தது. நேரில் பார்க்கப் போனபோது அலெக்சாண்டர் முத்தமிடுவதற்காகக் கையை நீட்டினார், இவர் கடித்துவிட்டார். கூட்டம் கழுத்தை நெரிக்க வந்தது. அலெக்சாண்டர் தடுத்து, தனியே அழைத்துப் பேசி, சிநேகமாகி, பரிசும் கப்பலும் கொடுத்து அனுப்பினார். கடலில் தள்ளிவிடச் சொல்லித்தான் கப்பல்காரனுக்கு உத்தரவு. அந்தக் கிழவர் அழுதுகொண்டே மறுத்து, கரையில் இறக்கிவிட்டார். வழக்குப் போட முயன்றால், ருட்டிலியானஸின் ஆளை நான் எப்படித் தொடுவேன் என்று ஆளுநர் கையை விரித்தார்.

150 வயது வாழ்ந்து இடி விழுந்து போவேன் என்று அலெக்சாண்டர் தனக்கே குறி சொல்லியிருந்தார். 70 ஆவதற்குள் கால் அழுகிப் புழு வைத்து இறந்தார். தலைவலிக்கு மருந்து வைக்க வைத்தியர்கள் சடையைக் கழற்றியபோதுதான் வழுக்கை தெரிந்தது. வாரிசு யார் என்று சீடர்களுக்குள் சண்டை. தீர்ப்புச் சொல்ல அப்போது உயிரோடிருந்த ருட்டிலியானஸிடம் போனார்கள். பதவி யாருக்கும் இல்லை, செத்தவருக்கே என்றார் அவர்.

கடை மூடவில்லை. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த ஊர் நாணயத்தில் கிளைக்கான் நெளிகிறார். அலெக்சாண்டர் கேட்டுக்கொண்டபடி ஊரின் பெயரே அயோனோபோலிஸ் என்று மாறி, இன்று துருக்கியின் இனெபோலுவாக இருக்கிறது. 1962இல் ருமேனியாவின் கான்ஸ்டன்சாவில் பளிங்குச் சிலையும் கிடைத்தது: மனிதக் காது, தோளில் புரளும் கூந்தல், ஆட்டு முகம். இன்றைக்கும் ஒரு பக்தர் உண்டு, இங்கிலாந்தின் சித்திரக்கதை எழுத்தாளர் ஆலன் மூர். தன் சாமி ஒரு பொம்மை என்று அவரே முதலில் சொல்லிவிடுகிறார். ருட்டிலியானஸ் இருந்திருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.