கரையான் அரித்த நிலைக்கதவு குறித்துத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மேன்மை தங்கிய தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம், புது தில்லி.

பொருள்: தெருக்கதவு ஒன்றையும் ஜன்னல் இரண்டையும் மாற்றுவது தொடர்பாக.

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், உத்திரமேரூரில் கோயிலைச் சுற்றிக் குடியிருக்கும் வீட்டுக்காரர்களும், அவர்களுக்கு நிலையும் கதவும் செய்து தரும் ஆசாரிகளும் ஆணையத்தின் மேலான கவனத்துக்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலைக் காக்கச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகள் குறித்து அவர்களுக்கு எள்ளளவும் மனக்குறை இல்லை. மழை, வெயில், அரச மரத்து வேர் ஆகியவற்றோடு அண்டை வீட்டு ஜன்னல்களும் கோயிலின் பகைவர் பட்டியலில் இருப்பது மட்டும் அவர்களுக்குச் சற்றுத் தாமதமாகத் தெரியவந்தது.

இக்கோயிலைப் போல மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் 1958-ஆம் ஆண்டு நினைவுச்சின்னங்கள் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம் வகுக்கிறது. முதல் பகுதியில் புதுக் கட்டுமானத்துக்கு இடமே இல்லை, 16.6.1992-க்கு முன்பிருந்தே அங்கு நிற்கும் வீடாக இருந்தால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் பகுதியிலும் பழுதுபார்க்க விண்ணப்பம் உண்டு. பழுதுபார்த்தல், புதுப்பித்தல் என்றால் ஏற்கெனவே உள்ள கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள் என்று சட்டமே பொருள் சொல்லிவிடுவதால், பழைய கதவைக் கழற்றிப் புதுக்கதவை மாட்டுவது அந்தப் பொருளுக்குள் வருமா வராதா என்று ஊரில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சட்டத்துக்கு அஞ்சுகிறவர் வரும் என்று எடுத்துக்கொள்கிறார். அஞ்சாதவர் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வேலையை முடித்துவிடுகிறார்.

அஞ்சுகிறவருக்குக் காத்திருக்கும் கால அட்டவணையைச் சட்டம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. தகுதி வாய்ந்த அலுவலர் விண்ணப்பத்தை 15 நாளுக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அலுவலர் அனுமதி தரவோ மறுக்கவோ வேண்டும். எல்லாரும் ஒருநாளும் தவறாமல் நடந்துகொண்டாலே மூன்றரை மாதம் ஆகும் என்பதால், புரட்டாசி நடுவில் விண்ணப்பித்தவருக்கு ஐப்பசி அடைமழையும் மார்கழிப் பனியும் கழிந்து தை பிறந்த பின்புதான் கதவு பிறக்கும்.

இடைப்பட்ட காலத்தில் கரையான் யாரிடமும் விண்ணப்பிப்பதில்லை. அது நிலையின் அடிக்கட்டையில், தரையை ஒட்டிய ஈரத்தில் ஏறி, மேலே பூசிய பெயிண்டைத் தொடாமல் உள்மரத்தை மட்டும் தின்றுகொண்டு போகும்; பார்வைக்கு நிலை முழுசாக இருக்கும், ஆசாரி உளியின் பின்பக்கத்தால் தட்டினால் மட்டும் சத்தம் பொத்தென்று கேட்கும், கீல் திருகாணியைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். இவ்வளவு பக்குவமாக வெளித்தோற்றத்தைப் பாதுகாக்கும் உயிரினத்துக்கு ஆணையத்தில் ஓர் உறுப்பினர் பதவி தரலாம் என்பது ஆசாரிகளின் தாழ்மையான கருத்து.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, அதாவது மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளும் நூல், கட்டடத்தின் உறுதியும் தீப்பாதுகாப்பும் கெடாதவரை ஜன்னலோ கதவோ திறப்பதற்கும் அடைப்பதற்கும் முன்னறிவிப்பே வேண்டாம் என்கிறது. அதே நெறித்தொகுப்பு ஈரவெப்ப நாட்டு அறைகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்று கேட்கவும் செய்கிறது. ஆக, தில்லியின் ஓர் அலுவலகம் ஜன்னலைத் திற என்கிறது, இன்னொன்று மூன்றரை மாதம் பொறு என்கிறது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தபோது மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து வரியிலிருந்து தப்பினார்கள். உத்திரமேரூரில் அடைப்பதும் மாற்றம்தான் என்பதால் அந்த வழியும் இல்லை.

நாடெங்கும் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் மத்தியப் பாதுகாப்பில் உள்ளன. தாஜ்மகாலுக்கும் சாலையோரத் தூணுக்கும் அதே 100 மீட்டர், அதே 300 மீட்டர். அவற்றில் 50 சின்னங்களைக் காணவில்லை என்றும், அவற்றுள் 24-இன் இருப்பிடமே கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் 2022-இல் பண்பாட்டு அமைச்சகமே தெரிவித்தது. காணாமற்போன சின்னத்திலிருந்து 300 மீட்டரை எந்த முனையில் சங்கிலி பிடித்து அளப்பது என்பதை ஆணையம் தெளிவுபடுத்தினால், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஜன்னல்களை அதற்கேற்றபடி வைத்துக்கொள்வார்கள்.

காக்கப்படும் கோயிலின் சுவரில் உள்ள செய்தியையும் இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளை வரிசைப்படுத்துகின்றன: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35-க்கு மேல் 70-க்குள் வயது, இவற்றோடு தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்கவும் வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தள்ளப்பட்டார்கள். சொந்த வீட்டில் இருப்பதை ஊராளத் தகுதியாக எழுதிவைத்த சுவரைக் காப்பதற்காக, அதைச் சுற்றிச் சொந்த வீட்டில் இருப்பவர்கள் தாழ்ப்பாளைத் தொடத் தயங்குகிறார்கள். அந்தச் சபையார் தங்கள் விதியை ஊர் நடுவே, ஊரார் மொழியில், எல்லார் கண்ணிலும் படும்படி வெட்டிவைத்தார்கள் என்பதையும் ஆணையம் கவனிக்கலாம்.

ஆகவே, சுவரை இடிக்காமல், திறப்பின் அளவையும் வீட்டின் உயரத்தையும் மாற்றாமல், அதே இடத்தில் நிலை, கதவு, ஜன்னல் ஆகியவற்றை மாற்றுவதற்கு விண்ணப்பம் தேவையில்லை என்று ஆணையம் ஒரு வரியில் தெளிவாக்கி, அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி, கோயில் வாசலில் ஒரு பலகையில் வைக்குமாறு வேண்டப்படுகிறது. பலகையை மரத்தில் செய்ய வேண்டாம்.